ஒரு சிட்டிகை மண்

சண்முகையா வாசற்படியில் இரும்பாணியை நிறுத்திச் சுத்தியலால் ஒரு அடி வைத்தார். சங்கரசுப்பு கோடிச் சேலையைப் பிரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

உள்ளே அவன் தங்கை முருகம்மாளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் தூக்க முடியாது. ஆணி, பேய் பிடித்துச் செத்தவள் திரும்பி வராமலிருக்க. அவள் புருஷன் காளிராஜ் தன் சித்தப்பா சண்முகையா அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பேயில்ல மாமா. மூளைக்காய்ச்சல். டாக்டர் சொன்னாருல்லா," என்றான் சங்கரசுப்பு.

"மதுரைக்குக் கொண்டுபோனீரே, என்ன ஆச்சு வே? ஒண்ணுமில்லன்னுதான சொன்னான்?"

காய்ச்சலில் அவள் ஆள் தெரியாமல் பேசினாள். எரியாத அடுப்பில் கருகல் வாடை என்றாள். பேயோட்ட வந்த கோடாங்கி வேப்பங்குலையால் அடித்த தழும்பு தோளில் இன்னும் இருந்தது. ஹெர்பிஸ் கிருமியாக இருக்கலாம் என்று டாக்டர் முதுகுத்தண்டு நீரை எடுத்துக் குழாயில் அடைத்தார். பிளாஸ்கில் ஐஸுக்குள் புதைத்து, மடியில் வைத்து, அவன்தான் பஸ்ஸில் கொண்டுபோனான். மதுரை லேபில் அதைக் கோழிமுட்டையின் உட்சவ்வில் விட்டுக் கிருமியை வளர்ப்பார்கள். விழுகிற புள்ளி சிறிதா பெரிதா என்று பார்த்து, கிருமி எந்த வகை என்பார்கள். அங்கேயே தங்கிக் காத்திருந்தான். முட்டைகள் அழுகிப்போயின. குழாயின் அடியில் மண் இருந்தது, யார் திறந்தது என்று லேப்காரர் கேட்டார். உங்கள் அழுக்குக் கைக்கு எங்களைச் சொல்கிறீர்களா என்று அவரை ஏசிவிட்டு வந்தான். வந்த மறுநாள் அவள் போய்விட்டாள்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லல. பாக்க முடியலன்னாங்க. உள்ள மண்ணு கெடந்துச்சாம்."

"பஸ் ஏறுமுன்னாடி குழாயத் தொறந்து நாந்தான் மச்சான் போட்டேன்." காளிராஜ் ஆணியைப் பார்த்தபடி சொன்னான். "கோயில் புத்துமண்ணு. ஒரு சிட்டிகை. நல்ல பதிலா வரட்டுமேன்னு."

சண்முகையா சுத்தியலை இறக்கினார்.

"அவளப் பேயின்னு சொல்லுதாவ. கேட்டுக்கிட்டு நிக்கியேலே," என்றான் சங்கரசுப்பு. "ஆணிய எடு. எடுத்தாத்தான் கோடி."

காளிராஜ் சுத்தியலை வாங்கி, ஆணியை இருபுறமும் தட்டித் தட்டி ஆட்டிப் பிடுங்கினான். விரல் கிழிந்தது. யாரும் கிட்டே போகவில்லை.

சங்கரசுப்பு உள்ளே போய்ச் சேலையை உதறினான். மறுமுனையைப் பிடிக்கக் காளிராஜ் கை நீட்டினான். சங்கரசுப்பு கொடுக்கவில்லை. தனியாகவே விரித்தான். சேலை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டதில் அவளுடைய ஒரு பாதம் மூடாமல் கிடந்தது.