ஒன்பது தடவை பரவாயில்லை

என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரு ஸ்டூல். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் சலவைக் கூடத்தில் நாற்பது பேர் நின்றபடி வேலை செய்ய, நான் ஒருத்திதான் உட்கார்ந்து, கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தனியாகப் பிரித்து வைப்பவள். முதுகெலும்பு தேய்ந்து, நரம்பு நசுங்கி, இடது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தி ஒன்பது வருடமாகிறது. நிற்கக் கூடாது என்று மருத்துவமனை கொடுக்கும் கடிதம் இருக்கும் வரைதான் ஸ்டூல். கடிதத்துக்கு ஆயுள் ஒரே வருடம்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கடிகாரம். யாராவது ஒரு நிமிடம் பிந்தினால் வாயைத் திறக்காமல் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவார். அவர் திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, உங்க லெட்டர் இந்த வாரத்தோட முடியுது. புதுசு கொண்டு வந்துடுங்க. இல்லன்னா அடுத்த வாரம் உங்களை ரோலர்ல போடச் சொல்லிட்டாங்க."

ரோலர் என்றால், ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுக்கும் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். அங்கே போட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நான் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பியும் வர மாட்டேன். இந்த வேலையை விட்டால் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போனோம். வழக்கமாகத் தனியாகத்தான் போவேன். இந்த முறை லிப்ட் பழுது, இரண்டு மாடி ஏற வேண்டும் என்று போனில் சொன்னார்கள். கைத்தடி, பை, படிக்கட்டின் கைப்பிடி மூன்றையும் பிடிக்க எனக்கு மூன்று கையா இருக்கிறது? வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

மேலே காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகள் தரையை முத்தமிடாத குறைதான். இடுப்பு வலிக்காரர்களுக்கு இவ்வளவு தாழ்வாக நாற்காலி போட்ட மகராசன் யாரென்று தெரிந்தால், அவரை ஒரு நாள் முழுக்க அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்வேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

உள்ளே பழைய டாக்டர் இல்லை. புதிதாக ஒரு சின்ன வயதுப் பெண். திரையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு நல்லா குறைஞ்சிட்டே வருது. அப்புறம் எதுக்கு லெட்டர்?"

"குறைஞ்சிருக்கா? யார் சொன்னது?"

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க." திரையை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு என் பதிலைப் பழைய டாக்டர் எழுதி வைத்திருந்தார். பரவாயில்லை. பரவாயில்லை. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது தடவை. கடைசியில், 'நோயாளி தேறி வருகிறார். அடுத்த முறை கடிதம் தேவைப்படாது.'

தவளை தன் வாயால் கெடும் என்பது சரிதான். காலை மிதித்துவிட்டவரிடம் பரவாயில்லை என்போமே, நான் அப்படிச் சொன்னேன். பழைய டாக்டர் அதை, போன தடவைக்கு இந்தத் தடவை தேவலை என்று எடுத்துக்கொண்டார். அவர்மேல் என்ன தப்பு? வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது உட்கார்ந்து புலம்ப எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சார், வீட்டுல எப்படி இருக்காங்க?"

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "பரவாயில்லை மேடம். சமையல், துணி எல்லாம் அவளேதான் பார்த்துக்குறா. நான் தினமும் கேட்பேன். ஒண்ணும் சொல்ல மாட்டா."

எனக்குச் சுரீரென்றது. "எப்போ கேட்பீங்க? ஒரு கால்ல செருப்பை மாட்டிக்கிட்டு, இன்னொரு கால் வாசல்ல இருக்கும்போது கேட்பீங்க. அந்த நேரத்துல நான் என்னத்தைச் சொல்ல?"

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்போ சொல்லுங்கம்மா. மறைக்காம சொல்லுங்க. அப்போதான் என்னால எழுத முடியும்."

சொன்னேன். கண் விழித்த பிறகு எழுந்து உட்காரவே அரை மணி நேரம் ஆவதைச் சொன்னேன். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து குளிப்பதை, கட்டிலில் படுத்தபடி காய் நறுக்குவதை, கீழே விழுந்த கரண்டியைக் குனிந்து எடுக்க முடியாமல் காலால் ஓரமாகத் தள்ளி வைப்பதைச் சொன்னேன். போன மாதம் சமையலறையில் விழுந்து ஒரு மணி நேரம் அப்படியே கிடந்ததையும் சொன்னேன். நடுவில் இவர் போன் செய்தார். தரையில் கிடந்தபடியே, வேலையாக இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் தன் மடியிலிருந்த என் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

கொட்டித் தீர்த்தால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. களைப்புதான் மிஞ்சியது. இவ்வளவும் சொல்லி நம்பவில்லை என்றால் என்ன செய்வது என்ற பயம் வேறு. டாக்டர் என் காலைத் தூக்கிப் பார்த்தார். நான் கத்தினேன். என் முதுகின் பழைய ஸ்கேன் படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிறைய டைப் அடித்து, ஒரு தாளை எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார்.

இறங்கும்போது நடுப்படியில் மூச்சு வாங்க நின்றோம். "ஸ்டூல் கிடைச்சிடுச்சு" என்றேன். அவர் கடிதத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"பாதிப்பு நிரந்தரம்னு போட்டிருக்காங்களே?"

"இனிமே வருஷா வருஷம் இங்க வர வேண்டாம்னு அர்த்தம்."

அவர் கடிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொடலாம் என்று நினைத்தேன். அவ்வளவு தாழ்வாக என்னால் உட்கார முடியாது.