தோளுக்கு மேல் ஏறாத கை

பதினோராம் வகுப்பு விடைத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் கத்தி கிடந்தது. கழுவியாகிவிட்டது. ஆனாலும் கைப்பிடி இடுக்கில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் திரும்பவே கூடாது என்று உட்கார்ந்திருந்தாள் செந்தமிழ்ச்செல்வி. கண் கேட்டால்தானே!

காலையில் அவர்கள் பேட்டையான உப்பளத்தில், டீக்கடை வாசலில் ஆட்டோக்காரர் ராமலிங்கத்தை வெட்டிக் கொன்றுவிட்டு வந்திருக்கிறான் அவள் தம்பி இளம்பரிதி. இப்போது மணி ஒன்று; தகவல் தெரிந்து செல்வி அரை நாள் லீவில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிறாள். மூன்று மணிக்கு அப்பா கோவிந்தசாமி வக்கீலோடு கோர்ட்டுக்குப் போய், வெட்டியது நான்தான் என்று சரணடையப்போகிறார். ஒருத்தன் வெட்ட இன்னொருத்தன் சரணடைவது கேள்விப்படாத கூத்தா என்ன? ஆனால் பெற்ற அப்பனையே அனுப்புகிறானே, இவனெல்லாம் ஒரு பிள்ளை! அதற்கு அவரும் தலையாட்டினாரே, அவரைச் சொல்ல வேண்டும். பெத்த மனம் பித்து.

"நீ பள்ளிக்கூடத்துல கதை நடத்துறவதானேக்கா. அப்பாவுக்குக் கதையை உருப்போட வை," என்றான் இளம்பரிதி, வாய் நிறைய பிரியாணியோடு.

கட்டின் மேல்தாளில் கேள்வி தெரிந்தது: சிறுகதையின் கூறுகளை விளக்குக. அவளே எடுத்துக் கொடுத்த கேள்வி.

"களம், காலம் சொல்லுப்பா." வகுப்பில் கேட்கிற அதே குரல் வந்தது. அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"டீக்கடை வாசல். காலையில எட்டரை மணி."

"மாந்தர்?"

"நானு. ராமலிங்கம்."

"முரண்? அதாம்பா, உங்க ரெண்டு பேருக்கும் இன்னா தகராறு?"

"ஆட்டோ நிறுத்துற எடத்துல வாய்ச்சண்டை. அசிங்கமா திட்டிட்டான்."

"உச்சம்?"

அங்கேதான் கோவிந்தசாமி தடுமாறினார். "கத்தியை எடுத்து... கழுத்துல வெட்டிட்டான்."

"வெட்டிட்டேன்னு சொல்லணும். நோக்குநிலை மாறக் கூடாதுப்பா. யார் கதை சொல்றாங்களோ அவங்க கண்ணாலதான் எல்லாத்தையும் பாக்கணும். நீதான் செஞ்ச."

மறுபடி சொன்னார். மறுபடியும் வெட்டிட்டான். மூன்றாவது தடவையும் அதேதான். மனிதருக்கு மனசு பொய்க்குத் துணிந்தாலும் வாய் ஒத்துழைக்கவில்லை.

பிரியாணித் தட்டு பறந்து சுவரில் மோதியது. "எழுந்திரு கெழவா, நான் காட்டறேன்." இளம்பரிதி கத்தியை அப்பாவின் வலது கையில் திணித்தான். "மொத வெட்டு மண்டையில. மேலேர்ந்து எறக்கணும். அவன் குனிஞ்சான். அப்ப கழுத்துல ரெண்டு. தூக்கு கையை!"

கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. மில்லில் வேலை பார்த்தபோது மெஷின் பெல்ட் இழுத்த தோள் அது. இருபது வருஷமாக அவர் சட்டையை மாட்டிக்கொள்வதே பாதி உடம்பை வளைத்துத்தான்.

"பாத்திரத்துக்குப் பொருந்தாத செயல்டா இது," என்றாள் செல்வி. "தோளுக்கு மேல கை ஏறாத மனுஷன் மண்டையில எப்படி வெட்டுவாரு? எந்த ஜட்ஜ் நம்புவாரு?"

"ஏறும்." அவன் அப்பாவின் முழங்கையைப் பிடித்து மேலே நெட்டினான். மூட்டு மளுக்கென்றது. கோவிந்தசாமி போட்ட அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கத்தியோடு அவரும் கீழே விழுந்தார். விழுந்த அப்பனை இடுப்பில் ஓர் உதை விட்டான். "ஏறிச்சா இல்லையா?"

செல்வி பாய்ந்து அவனைத் தள்ளினாள். அவன் விட்ட அறையில் உதடு கிழிந்து, விடைத்தாள்மேல் ரத்தம் சொட்டியது. இவனையா தோளில் தூக்கிக்கொண்டு மாசிமகத்துக்குக் கடலுக்குப் போனோம்!

"வேற யாருடா பாத்தாங்க?" என்றாள் உதட்டைப் பொத்தியபடி.

"டீக்கடைக்காரன் வாய் தொறக்க மாட்டான். அந்தாளு பொண்ணு ஒண்ணு ஆட்டோவுல உக்காந்திருந்துச்சு, யூனிபார்மோட. கத்திக்கினே கெடந்துச்சு."

சரிதா. செல்வியின் வகுப்புதான், மூன்றாவது பெஞ்ச். காலை வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதியதே செல்விதான்.

"அந்தப் பொண்ணு வேற கதை சொல்லுமேடா."

"சொல்றதுக்கு இருந்தாத்தானே?" கத்தியை எடுத்துச் சட்டையில் துடைத்தான். "அப்பா உள்ள போயிடுவாரு. நான் வெளியதானே இருப்பேன். பாத்துக்கறேன்."

தரையில் கிடந்த கோவிந்தசாமி தலையைத் தூக்கி மகனைப் பார்த்தார். ஒரு சாவோடு முடிந்தது, அதை நான் சுமந்துவிடுகிறேன் என்றுதான் அவர் நினைத்திருந்தார் பாவம்.

செல்வி போனை எடுத்து நூறை அழுத்தினாள். இளம்பரிதி கத்தியை ஓங்கிக்கொண்டு அவள்மேல் பாய்ந்தான். தரையிலிருந்து எழுந்த அப்பாவின் இடது கை குறுக்கே வந்தது. வெறும் கையால் கத்தியின் அலகைப் பிடித்துக்கொண்டார். அவன் இழுத்தான். விரல்கள் எலும்பு வரை அறுபட்டன. அவர் விடவில்லை. அவன் அவர் முகத்தில் குத்தினான், மூக்கு உடைந்தது, அப்போதும் விடவில்லை. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வாசல் கதவைத் தட்டினார்கள். அவன் கத்தியை விட்டு, அவரைக் கீழே தள்ளிவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடினான்.

கீழே விழுந்திருந்த போனில் குரல் கேட்டது. "ஹலோ, யார் பேசறது?"

செல்வி அப்பாவின் கைக்குத் துணி தேடி ஓடினாள். கோவிந்தசாமி தரையோடு தரையாக நகர்ந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார்.

"நான் கோவிந்தசாமி பேசறேன், உப்பளத்துலேர்ந்து. ஆட்டோ ராமலிங்கத்தை வெட்டுனது என் மவன் இளம்பரிதி. மொதல்ல அந்தப் பொண்ணு சரிதா ஊட்டுக்குப் போலீஸ அனுப்புங்க சார், அதையும் கொல்லப் போறான்."

அவர் ஒரு சொல்கூடத் திக்கவில்லை.

"உங்க பையன் எந்தப் பக்கம் போனான்? அடையாளம் சொல்லுங்க."

"கொல்லைச் சுவரு ஏறி ஓடறான். நீலக் கலர் சட்டை." அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தது சார்."