பக்கத்து வண்டி

லாரி டிரைவர் நெட்டைக்கு இந்த உலகத்தில் எதிரி என்று இருந்தவன் ஒரே ஒருத்தன். சொத்துத் தகராறு கிடையாது, சம்பந்தி தகராறும் கிடையாது. அவருடைய லாரிக்குப் பக்கத்தில் லாரி நிறுத்துகிறவன், அவ்வளவுதான். எந்நேரமும் சட்டையில் டீசல் வாடை அடிப்பதால் அவனை எல்லோரும் டீசல் என்றே கூப்பிட்டார்கள். நெட்டைக்கு ஐம்பத்து மூன்று வயது, அதில் பாதி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் போயாயிற்று. மனைவியைப் பறிகொடுத்து நாலு வருஷம். வாரத்தில் ஆறு நாள் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுக்கிற மனிதருக்கு மிச்சமிருந்த சுகம் தூக்கம் ஒன்றுதான். அதில்தான் அந்தப் படுபாவி மண்ணைப் போட்டான்.

நகரத்துக்குள் பகலில் லாரிகள் நுழையக் கூடாது. ராத்திரியெல்லாம் ஓட்டி வருகிறவர்கள் ஊருக்கு வெளியே இருந்த சிமெண்ட் மைதானத்தில் விடிகாலையில் வண்டியை ஒதுக்கிவிட்டு, சாயங்காலம் கேட் திறக்கிற வரை தூங்குவார்கள். நூறு லாரிகள் நிற்கும். நூறு கண்ணாடிகளிலும் வெயிலுக்குத் துண்டு தொங்கும். நூறு பேர் இருக்கிறார்கள் என்றுதான் பேர், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பது குழாயடியில் பல் தேய்க்கிறபோது மட்டும்தான்.

நெட்டைக்கு நல்ல தூக்கம் பிடிக்கிற நேரம் பார்த்துக் கதவில் டம் டம் என்று சத்தம் கேட்கும். தூக்கிவாரிப் போட்டு எழுந்து துண்டை விலக்கிப் பார்த்தால், டீசல் கையில் கட்டையோடு நிற்பான். டயரைத் தட்டி, வருகிற சத்தத்தை வைத்துக் காற்று இருக்கிறதா என்று பார்க்க எல்லா டிரைவர்களும் வைத்திருக்கிற முழ நீளக் கட்டை.

“என்னடா?”

“டயர் தட்டிப் பாத்தேன்ணே. கை தவறிப் பட்டுடுச்சு.”

ஒரு நாள் கை தவறலாம், இரண்டு நாள் தவறலாம். ஒன்றரை வருஷமாகவா ஒருத்தனுக்குக் கை தவறும்? போன மாதம் ஒரு மத்தியானம் நெட்டைக்குப் பொறுமை போய்விட்டது. பனியனோடு கீழே குதித்து, மைதானமே துண்டை விலக்கிப் பார்க்கும்படி அவனைக் கிழிகிழி என்று கிழித்தார்.

“மனுஷனைத் தூங்க விடறியாடா நீ? பொண்டாட்டி இல்லாதவன்தானே, கேக்க ஆள் இல்லைன்னு நினைச்சுட்டியா?”

டீசல் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நின்றான். மறுநாளிலிருந்து அவன் லாரி மைதானத்தின் அந்தக் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. பீடை தொலைந்தது என்று நெட்டை நிம்மதியாகப் படுத்தார்.

தட்டுவது நின்றது. தூக்கமும் ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று நீண்டது. ஆனால் எழுந்தால் தலை பாறாங்கல்லாகக் கனத்தது, வாய் உலர்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். தூங்கியெழுந்தவனுக்கு எதற்கு இத்தனை கொட்டாவி என்று அவருக்கே புரியவில்லை. ஒரு விடியற்காலை, நேரான ரோட்டில், வெளிச்சம் வந்த பிறகு, சக்கரத்துக்கடியில் ஜல்லி நொறுங்குகிற சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தார். அதுவரை கண் மூடியிருந்ததே அவருக்குத் தெரியாது. வண்டி ரோட்டை விட்டு இறங்கியிருந்தது. இன்னும் ஒரு ஆள் நீளம் போயிருந்தால் பள்ளம்.

பிரேக்கைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். இதை யாரிடம் போய்ச் சொல்வது? மைதானத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வண்டியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்: ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிட்டது, டயர் வழுக்கையாகிவிட்டது, எதுவும். ஓட்டுகிறவன் உடம்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை லாரி ஆபீசுக்குப் போனால் போதும், வருஷாவருஷம் டாக்டர் கையெழுத்துப் போடுகிற அட்டை போய்விடும், அதோடு பிழைப்பும் போய்விடும். அதனால் சர்க்கரைக்காரன் மாத்திரையை டூல்ஸ் பெட்டியில் ஒளித்து வைத்தான். நெஞ்சு வலிக்கிறவன் வாயு என்றான். இருபத்தாறு வருஷமாக நெட்டையும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

அந்த வாரமே அட்டைக்குக் கையெழுத்து வாங்கும் முறை வந்தது. ஆபீசுக்கு எதிரே இருந்த கிளினிக்கில் புதிதாக ஒரு டாக்டரம்மா இருந்தார். நெட்டையின் மகள் வயதுதான் இருக்கும். பிரஷரை இரண்டு தடவை பார்த்துவிட்டு, டேப்பை எடுத்து அவர் கழுத்தை அளந்தார்.

“சட்டை தைக்கப் போறீங்களாம்மா?”

“தூக்கத்துல குறட்டை விடுவீங்களா?”

“எனக்கெப்படிம்மா தெரியும்? நான் தூங்கறப்ப நான் பக்கத்துல இருக்கறதில்லையே.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனால் பேனாவை மூடவில்லை. “வீட்ல யாராவது சொல்லியிருக்காங்களா, மூச்சு நின்னு நின்னு வருதுன்னு?”

“வீட்ல யாரும் இல்லம்மா.”

“அப்ப பக்கத்துல யார் தூங்குவாங்க?”

நெட்டை யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு ஆளும் அகப்படவில்லை. “ஸ்டெப்னி டயர்தான்,” என்றார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சிலருக்குத் தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும். மூளை திணறி எழுப்பிவிடும், மறுபடி அடைக்கும். எட்டு மணி நேரம் படுத்தாலும் ஒரு மணி நேரத் தூக்கம்கூடத் தேறாது. அதனால்தான் ஓட்டும்போது கண் சொருகுகிறது, பிரஷர் ஏறுகிறது. ஒரு நாள் மூச்சு திரும்பாமலும் போகலாம். பரிசோதனை இருக்கிறது, மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குவதற்கு மெஷின் இருக்கிறது, சரியாகிவிட்டால் மறுபடி ஓட்டலாம்.

“நீங்க தூங்கறதைப் பாத்தவங்க யாராவது இந்தத் தாளை நிரப்பித் தரணும். பத்து நாள் டைம் தரேன். அதுவரைக்கும் ராத்திரியில ஓட்டாதீங்க.”

வெளியே வந்து திண்டாடிப் போனார் மனிதர். குறட்டை உண்டா? மூச்சு நிற்கிறதா? எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை? கேள்விக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டிக் கட்டங்கள். எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று அவரே ஒரு கோடு கிழித்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? பேனாவைத் திறந்தேவிட்டார். அந்த ஜல்லிச் சத்தம் காதில் கேட்டது. பேனாவை மூடிவிட்டு, தொலைதூரத்தில் குடியிருக்கும் மகளைப் போனில் கூப்பிட்டார்.

“அம்மா சொல்லுவாங்களேப்பா,” என்றாள் மகள். “நீங்க தூக்கத்துல செத்துச் செத்துப் பொழைக்கிறீங்கன்னு. உங்க நெஞ்சு மேல கைய வச்சுக்கிட்டுத்தான் படுப்பாங்க. அசையலைன்னா முழங்கையால ஒரு இடி.”

அந்த முழங்கை நெட்டைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மனுஷனைத் தூங்க விடறியாடி என்று எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறார்.

“ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னாங்கப்பா. நீங்கதான் வெளியில தெரிஞ்சா அட்டை போயிடும்னு வாயை அடைச்சுட்டீங்க.”

போனை வைத்த பிறகும் வெகு நேரம் நெட்டை காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

ராத்திரிப் பயணத்துக்கு மாற்று டிரைவர் கிடைக்காமல் அவர் வண்டி மைதானத்திலேயே நின்றது. மறுநாள் பகலில் அவர் போனில் குரல் பதிகிற வசதியைப் போட்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து அதைக் கேட்டார். முதலில் வெட்கமாக இருந்தது. மரம் அறுக்கிற மில்லில் உட்கார்ந்த மாதிரி அப்படி ஒரு குறட்டை. பிறகு திடீரென்று நின்றது.

ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணினார். பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. கேட்டுக்கொண்டிருந்தவருக்கே மூச்சு முட்டியது. முப்பதைத் தாண்டியபோது போனுக்குள் யாரோ இருமினார்கள். தொப், தொப் என்று கதவில் மெத்தென்று ஒரு சத்தம். உடனே போனுக்குள் இருந்த மனிதன், தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவன் மாதிரி, ஹா என்று மூச்சை இழுத்தான். குறட்டை மறுபடி ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி மறுபடி. மூன்று மணி நேரத்தில் பதினான்கு தடவை தொப் தொப்.

அந்த இருமலை அவருக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் பக்கத்து வண்டியிலிருந்து கேட்ட இருமல்.

அடுத்த நாள் மத்தியானம் துண்டைத் தொங்கவிட்டு, பலகையில் ஏறி, கண்ணை விழித்தபடியே படுத்தார். வேண்டுமென்றே குறட்டை விட்டார். ஐம்பத்து மூன்று வயதில் இப்படியும் ஒரு கூத்து. பிறகு நிறுத்திவிட்டு எண்ணினார். முப்பதுக்கு வந்தபோது தொப், தொப்.

கதவைத் திறந்தார். லாரியின் நிழலில் டீசல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் அதே கட்டை. நுனியில் பழைய பனியன் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

“துணி எதுக்குடா?”

“சத்தம் பெரிசா வந்தா உங்க தூக்கம் கெடுதேண்ணே. மூச்சு வந்தாப் போதும், முழிக்க வேணாம்னு.” தலையைச் சொறிந்துகொண்டான். “இன்னிக்கு நீங்க விட்டது பொய்க் குறட்டை. எனக்கு அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் தட்டினே?”

“நின்னுடுச்சே.”

நெட்டை இறங்குகிற படியிலேயே உட்கார்ந்தார். எதிரியை இத்தனை கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை. நாற்பது வயதுகூட இருக்காது, அதற்குள் காதோரம் நரைத்திருந்தது.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா.”

“யாரு உடம்பைப் பத்தி யாரு சொல்லியிருக்காங்க இங்க? சொல்லி அட்டை போச்சுன்னா அப்புறம் என் மூஞ்சில முழிப்பீங்களா?”

“இப்ப மட்டும் முழிச்சனாக்கும்.”

டீசல் கட்டையைத் தரையில் உருட்டிக்கொண்டே பேசினான். “எனக்கு முன்னாடி ஒரு கூட்டாளி இருந்தாண்ணே. எப்பவும் பக்கத்துப் பக்கத்துலதான் நிறுத்துவோம். அவன் குறட்டையில எனக்கு ஒரு நாளும் தூக்கம் கிடையாது. ஒரு நாள் மத்தியானம் பட்டுனு நின்னுடுச்சு. அப்பாடா, இன்னிக்காவது தூங்க விட்டானேன்னு திரும்பிப் படுத்து நல்லாத் தூங்கினேன்ணே. சாயங்காலம் கேட் தொறந்தாங்க. எல்லா வண்டியும் கிளம்புச்சு. அவன் வண்டி மட்டும் கிளம்பல.”

மைதானத்தில் எங்கோ ஒரு லாரி காற்றை உஸ் என்று விட்டது.

“நீ எப்பதான்டா தூங்குவே?”

“உங்களுக்கு மோசமான நேரம் பன்னெண்டுல இருந்து மூணு. அது முடிஞ்சதும் போய்ப் படுத்துருவேன்.”

நெட்டை தாளை எடுத்து நீட்டினார். டீசல் முதலில் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டான். “வேணாம்ணே. நான் எழுதினா உங்க பொழைப்பு போயிடும்.”

“எழுது. ஜல்லில இறங்கிட்டேன்டா போன வாரம். எதிர்ல ஒரு பஸ் வந்திருந்தா?”

அவன் வாளிமேல் தாளை வைத்து எழுதினான். ஒரு கேள்விக்கும் யோசிக்கவில்லை. எத்தனை தடவை, எவ்வளவு நேரம், மல்லாந்து படுத்தால் எப்படி, ஒருக்களித்தால் எப்படி எல்லாம் அவனுக்கு மனப்பாடம். கடைசிக் கட்டத்தில் மட்டும் பேனா நின்றது.

“உறவுமுறைன்னு போட்டிருக்குண்ணே. என்ன எழுத?”

நெட்டைக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு டீசலே ‘பக்கத்து வண்டி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

டாக்டரம்மா அதைப் படித்துப் பார்த்தார். அட்டையை வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டார். பரிசோதனை முடிந்து மெஷின் கைக்கு வர மூன்று வாரம் ஆகும், அதுவரை வண்டியைத் தொடக்கூடாது, வீட்டில் இருங்கள் என்றார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். முடிந்தால் யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளவும் சொன்னார். நெட்டை சரிம்மா என்று வந்துவிட்டார்.

வீடு பூட்டியது பூட்டியபடி இருந்தது. நாற்காலியில் தூசி, காலண்டரில் இரண்டு மாதம் கிழிக்காத தாள். இருவர் படுக்கிற கட்டிலில் நெட்டை வழக்கம்போலத் தன் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு படுத்தார். மற்ற பக்கத்தில் தலையணை உறைகூட மடிப்புக் கலையாமல் இருந்தது. லாரிப் பலகையில் இந்தப் பயம் வந்ததில்லை. இங்கே மூச்சு நின்றால், நின்றது என்று சொல்லக்கூட ஒரு நாதி கிடையாது. பகல் பன்னிரண்டு வரை கண்ணை மூடாமல் கிடந்தார்.

போன் அடித்தது.

“படுத்தாச்சாண்ணே?” டீசல்தான். “போனைத் தலகாணிகிட்ட வைங்க. கட் பண்ணாதீங்க.”

“போன்ல எப்படிடா தட்டுவே?”

“கத்துவேன்.”

நெட்டை போனை மனைவியின் தலையணைமேல் வைத்துவிட்டு, அதன் பக்கமாக ஒருக்களித்தார். போனுக்குள் மைதானம் கேட்டது. யாரோ வாளியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள், அந்த இருமல் வந்தது.

“டேய்.”

“சொல்லுங்கண்ணே.”

“நின்னுடுச்சுன்னா அப்பாடான்னு தூங்கிடாதே.”

போனுக்குள் வாளி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

“மாட்டேன்ணே,” என்றான் டீசல். “நீங்க தூங்குங்க.”

நெட்டை கண்ணை மூடிக்கொண்டார்.