காற்கட்டு அறுக்கும் நாள்

நாரின் என்னும் மலையாற்றின் கரையிலுள்ள சிற்றூரில் புருலைப் போல் ஓடவல்லவள் வேறொருத்தி இல்லை. நடை பழகும் குழந்தையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூலால் பிணைத்து, பந்தயத்தில் முந்தி வருபவர் கையால் அதை அறுப்பது அவ்வூர் வழக்கம். அறுத்தவர் நடையே குழந்தைக்கும் வாய்க்கும் என்பர். ஒன்பது குழந்தைகளின் நூலை அறுத்தவள் புருல். இன்று தன் மகள் செஸிமின் நூலையும் தானே அறுக்க வேண்டும் என்பது ஒன்றே அவள் வேட்கை.

காசநோய் மருத்துவமனையில் ஏழு திங்கள் கிடந்து, நேற்றுத்தான் வீடு திரும்பியிருந்தாள். நோய் தணிந்தது, தணித்த ஊசியோ செவிக்குள் உறையும் சமநிலையைத் தின்றுவிட்டது. ஓரடி வைத்தால் பனிமலைகள் துள்ளின. எதிர்வருவோர் முகம் கலங்கிய நீரில் விழுந்த நிழலெனச் சிதறியது.

கத்தியோடு அவள் சுவரைப் பற்றி வருவதைக் கணவனின் தங்கை கன்ஷாய் கண்டாள்.

“அண்ணி, எங்க கிளம்பிட்டீங்க? நூலை வெட்டச் சொன்னா ஆட்டு வாலை வெட்டிட்டு நிப்பீங்க!”

முற்றமே சிரித்தது. புருலும் சிரித்தாள். “ஓட வேணாம்டி, நடந்து வந்தாவது வெட்டறேன்.”

“வெட்டறவ நடைதான் புள்ளைக்கு ஒட்டும்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டது நீங்கதானே?”

சிரிப்பு அடங்கியது. சொன்னவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கணவன் எர்னிஸ் புருலைத் தாங்கி அமர்த்தினான். “எப்பலேருந்து இப்படி?”

“மூணாம் மாசத்துலேருந்து. காதுல ஓயாத இரைச்சல். நர்ஸு தினமும் கேப்பா. ஒண்ணுமில்லம்பேன்.”

“ஏன்டி? சொல்லியிருந்தா ஊசிய நிறுத்தியிருப்பாங்களே!”

“நிறுத்தினா வேற மருந்து, இன்னும் பல மாசம்னுவாங்க. இவ நூலறுக்கறதுக்குள்ள வந்துடணும்னு…”

புருலே கத்தியைக் கன்ஷாயிடம் நீட்டினாள். “விட்றாத, நீயே முந்து.”

பெண்கள் ஓடினர். கன்ஷாய் முந்தினாள், நூல் அறுந்தது, செஸிம் அடியெடுத்து வைத்தாள்.

தலையை அசைக்காதிருந்தால் உலகமும் அசையாது என்பதைப் புருல் அறிவாள். ஆயினும் விம்மல் அவளை உலுக்கிற்று. மகளின் முதல் நடை கண்முன் குலுங்கித் தள்ளாடியது. தள்ளாடுவது குழந்தையா, தன் கண்ணா என்று அவளால் தெளியக் கூடவில்லை.

எர்னிஸின் கையை இறுகப் பற்றினாள். “நேராத்தானே நடக்கறா? பாத்துச் சொல்லுங்க.”

“நேராத்தான் நடக்கறா.”

“நல்லாப் பாத்தீங்களா?”

அவன் கண்களையும் நீர் மறைத்திருந்தது.

“பாத்தேன்” என்றான்.