நிழல் விழுந்தால் மாறும் விடை

விடை பத்து வரவேண்டும். கால்குலேட்டர் 0.27 என்று காட்டியது.

ஜெஸ்மி மறுபடியும் அழுத்தினாள். 0.27.

இரண்டு நிமிடம் முன்பு, இதே மேசையில், இதே கணக்குக்குப் பத்து வந்தது. இடையில் அவள் செய்தது ஒன்றே ஒன்று. மழைச்சாரல் அடிக்கிறதே என்று கால்குலேட்டர் மேல் வருகைப் பதிவேட்டை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து பதிவேட்டை எடுத்தாள். அவ்வளவுதான்.

திரையின் மேல் மூலையைப் பார்த்தாள். முன்பு அங்கே 'ஆர்' என்ற சின்ன எழுத்து இருந்தது. இப்போது 'டி' இருக்கிறது.

யார் மாற்றியது? குளத்தூரில் அவள் பாடம் எடுக்கும் மாடி ட்யூஷன் சென்டரில் காலை எட்டு நாற்பதுக்கு அவளைத் தவிர யாரும் இல்லை.

பட்டனை அழுத்தி 'ஆர்' கொண்டு வந்தாள். கால்குலேட்டரின் நெற்றியில் இருந்த கறுப்பு சோலார் பட்டையைக் கட்டைவிரலால் மூடினாள். திரை வெளிறி, செத்தது. விரலை எடுத்தாள். உயிர் வந்தது. பூஜ்ஜியம். மூலையில் 'டி'.



'ஆர்' என்றால் ரேடியன். 'டி' என்றால் டிகிரி. மாறுமின்னோட்டக் கணக்கை ரேடியனில் போட்டால்தான் சரியான விடை வரும். இந்தக் கருவியோ, ஒரு நிழல் விழுந்தால் போதும், சத்தமே இல்லாமல் டிகிரிக்குத் தாவிவிடுகிறது.

இதே மாதிரிக் கருவியோடு இன்னும் ஐம்பது நிமிடத்தில் அவள் மாணவி அஸ்வதி பரீட்சைக்கு உட்காரப் போகிறாள்.

அஸ்வதிக்கு இருபத்தேழு வயது. அதியன்னூரில் மோட்டார் வைண்டிங் கடையில் வேலை. டிப்ளமோவில் மிச்சம் இருப்பது இந்த ஒரு பேப்பர்தான். பழைய பாடத்திட்டத்துக்கு இதுவே கடைசிப் பரீட்சை. தோற்றால் மூன்று வருடப் படிப்பும் இல்லை என்று ஆகிவிடும். லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் அவளுக்காக வைத்திருக்கும் வேலையும் போகும்.

அவளுக்கு அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ஜெஸ்மி.

போன மாதம் பாறசாலையில் கிருஷ்ணன்குட்டி கடையில் இரண்டு மணி நேரம் நின்றாள். போன வருடம் பரீட்சை நடுவில், அவளிடம் படித்த சஜுவின் கால்குலேட்டர் பேட்டரி தீர்ந்து அவன் தோற்றுப்போன பயம் அவளுக்குள் அப்படியே இருந்தது.

"சோலாரும் பேட்டரியும் சேர்ந்தது இருக்கு டீச்சரே. ஆனா நாலெண்ணந்தான் உண்டு," என்றார் கிருஷ்ணன்குட்டி.

"பன்னிரண்டும் ஒரே மாதிரி வேணும். பட்டன் மாறினா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது."

"அப்ப இது எடுங்க. வெறும் சோலார். பேட்டரியே கிடையாது. இல்லாத சாதனம் எப்படித் தீரும், சொல்லுங்க!"

சைன், லாக், வர்க்கமூலம், பின்னம். கடையின் ட்யூப் லைட் வெளிச்சத்தில் பன்னிரண்டையும் சோதித்தாள். பட்டையைக் கையால் மூடிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. ஒன்றை அவள் வைத்துக்கொண்டாள். ஒன்று அஸ்வதிக்கு. மிச்சம் பத்துப் பேருக்குப் பரீட்சை திங்கள்கிழமை.

இப்போது அஸ்வதியின் நம்பரை அழைத்தபோது அவள் அம்மா அம்மிணிதான் கிடைத்தாள்.

"அவ போனை இஞ்ச வச்சிட்டுப் போயாச்சு டீச்சரே. ஹாலுக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாவன்னு சொன்னாளே. என்ன காரியம்?"

"ஒண்ணும் இல்ல சேச்சி." வைத்துவிட்டாள்.

படியிறங்கி ஓடினாள். தெருமுக்கில் ஜெயனின் ஆட்டோ நின்றது.

"நெய்யாற்றின்கரை பாலிடெக்னிக். ஒன்பதரைக்குள்ள போகணும் ஜெயா!"

"இந்த மழையிலயா? பரீட்சை பிள்ளைக்கா, டீச்சருக்கா? முகத்தைப் பாத்தா டீச்சர்தான் தோற்பிய போல உண்டு."

"வாயை மூடிட்டு விடு."

"வாயை மூடினாலும் வண்டி இவ்வளவுதான் ஓடும், கேட்டியளா."

அமரவிளைப் பாலத்தில் லாரிகள் நகரவில்லை. வானம் சாம்பல் பூசியிருந்தது. மடியில் இருந்த கால்குலேட்டரை ஜெஸ்மி பார்த்தாள். ஆட்டோவின் இருட்டுக்குள் எண்கள் வெளிறி வெளிறித் தெரிந்தன. லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. திரை அணைந்தது.

ஒன்பது முப்பத்துநான்கு. கேட் பூட்டியிருந்தது.

"மணி அடிச்சாச்சு," என்றார் காவலாளி சுவாமிதாஸ். "இனி மந்திரி வந்தாலும் உள்ள விடமாட்டேனாக்கும்."

"அண்ணா, ஒரே ஒரு வாக்கு சொல்லணும். சூப்பிரண்டைக் கூப்பிடுங்க. ஒரு பிள்ளையோட ஜீவிதம்!"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். முனகிக்கொண்டே கேட்டைத் திறந்து அவளை வராந்தா வரை கூட்டிப் போனார்.

பரீட்சை சூப்பிரண்டு சுகுமாரி, கண்ணாடியைத் துடைத்தபடி வராந்தாவுக்கு வந்தாள். ஜெஸ்மி கட்டைவிரலால் மூடிக் காட்டினாள். எடுத்துக் காட்டினாள். 'ஆர்' போய் 'டி' வந்ததைக் காட்டினாள்.

"ஹால்ல எல்லாருக்கும் பொதுவா சொல்லுங்க மேடம். ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால அந்த எழுத்தைப் பாருங்கன்னு. அது போதும்."

"கொஸ்டின் பேப்பர் கொடுத்த பிறகு அறிவிப்பு செய்யக்கூடாது. எந்தப் பிள்ளை?"

"அதோ தெரியுதே, மூணாவது ஜன்னல் பக்கம், பச்சைச் சுரிதார். அஸ்வதி."

சுகுமாரியின் கண்கள் சுருங்கின. அந்தச் சுருக்கத்தைப் பார்த்த பிறகுதான் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஜெஸ்மிக்கு உறைத்தது.

"வெளியில இருந்து ஒராள் ஓடி வந்து, ஒரு பிள்ளையோட கால்குலேட்டரைப் பத்தி மட்டும் பேசினா எனக்கு சம்சயம் வரும். வராதா?"

சுகுமாரி ஹாலுக்குள் நடந்தாள்.

முற்றத்தில் குடைக்குள் நின்று ஜெஸ்மி ஜன்னல் வழியே பார்த்தாள். அஸ்வதி எதையோ அழுத்திக்கொண்டிருந்தாள். சுகுமாரி கையை நீட்டினாள். அஸ்வதி எழுந்தாள். கால்குலேட்டர் சுகுமாரியின் உள்ளங்கைக்குப் போனது. பரந்த உள்ளங்கை. பட்டை முழுதும் அதற்குள் மறைந்தது. மூடியைக் கழற்றி, உள்ளே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பின்புறம் திருப்பினாள். திருப்பிக் கொடுத்தாள்.

நிழல் விழுந்துவிடக் கூடாது என்று ஓடி வந்தவள், இருட்டையே கையோடு கூட்டி வந்து கொடுத்துவிட்டாள்.

"அதில ஒண்ணும் இல்ல," என்றாள் சுகுமாரி, வெளியே வந்து.

"மேடம், உங்க கை பட்டு இப்ப அது மாறியிருக்கும்! ஒரே ஒரு தடவை..."

"இனி ஒரு வாக்கு பேசினா அந்தப் பிள்ளையோட பேப்பரைப் பிடிச்சு வைப்பேன். பேசுறியளா?"

ஜெஸ்மி ஜன்னலுக்கு எதிரே திரும்பப் போய் நின்றாள். பேசினால் அஸ்வதி அழிவாள். பேசாவிட்டாலும் அழிவாள்.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஹாலின் விளக்குகள் ஒரே சமயத்தில் அணைந்தன. உள்ளே பிள்ளைகளின் முனகல் கேட்டது. கண்காணிப்பாளர், நெடிய மனிதர், ஜன்னலுக்கு வந்தார். மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நிழல் முழுவதும் அஸ்வதியின் மேசை மேல்.

'நகருங்க சாரே. ஒரு அடி. ஒரே அடி.'

அவர் நகரவில்லை. ஆட்டோவில் இருந்து ஜெயன் சாயாவோடு வந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைத் திரும்பக் கொண்டுபோனான்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. எல்லோரும் வந்த பிறகு கடைசியாக அஸ்வதி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"டீச்சர் எப்ப வந்திய? நனைஞ்சு நிக்கிறியளே!"

"மின்னோட்டக் கணக்கு வந்துதா?"

"வந்துது. பதினஞ்சு மார்க்காக்கும். உச்சம் இருபது ஆம்பியர். அந்த மேடம் வந்து தடவிட்டுப் போனதுல எல்லாம் மறந்து போச்சு. அடிச்சுப் பாத்தா 0.27."

ஜெஸ்மியின் கையில் இருந்து குடை சரிந்தது. "எழுதிட்டியா?"

"எழுதப் போனேன். பேனா பேப்பர்ல தொட்டாச்சு. அப்பத்தான்... இந்த 0.27-ஐ நமக்குத் தெரியுமேன்னு தோணிச்சு. வீட்டுல எத்தனை தடவை இப்படி வந்திருக்கு! நான் ரேடியனை நம்புறதே இல்ல டீச்சர். 57.3 வச்சுப் பெருக்கி, டிகிரியா மாத்தித்தான் போடுவேன். பயத்துல அதை விட்டுட்டேன். பெறவு பெருக்கிப் போட்டேன். பதினாலு புள்ளி ஒண்ணு. சரிதானே?"

ஜெஸ்மி கேள்வித்தாளைப் பார்த்துத் தன் கால்குலேட்டரில் அடித்தாள். மூன்று தடவை விரல் தவறியது. நாலாவது தடவை வந்தது. 14.1.

"சரி," என்றாள். மறுபடி சொன்னாள். "சரி மக்கா. வீட்டுல மாறுதுன்னு ஏன் எனக்குச் சொல்லல?"

அஸ்வதி தன் கைகளைப் பார்த்தாள். செப்புக்கம்பி இழுத்து இழுத்துக் காய்த்த விரல்கள்.

"என் விரல்தான் தெரியாம பட்டனை அமுக்குதுன்னு நினைச்சேன். தடி விரலில்லியா. நீங்க பாத்துப் பாத்து எடுத்த சாதனம்... அது எப்படிக் கெடும்?"

ஜெஸ்மி அவள் கட்டைவிரலைப் பிடித்துச் சோலார் பட்டை மேல் வைத்தாள். திரை செத்தது. எடுத்தாள். 'டி'.

அஸ்வதி தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப என் விரலில்ல?"

"இல்ல. பாத்து எடுத்த என் கண்ணு."

ஆட்டோவில் ஏறியதும் ஜெஸ்மி சொன்னாள். "ஜெயா, பாறசாலைக்கு விடு. திங்கள்கிழமை பத்துப் பேர் இருக்கு."

கிருஷ்ணன்குட்டி பெட்டியை இறக்கி வைத்தார். "சோலாரும் பேட்டரியும் சேர்ந்தது. புது லோடு வந்தாச்சு. சைன் போட்டுப் பாருங்க, லாக் போட்டுப் பாருங்க."

அவள் எதையும் போட்டுப் பார்க்கவில்லை. 'ஆர்' வைத்துவிட்டுப் பட்டையைக் கட்டைவிரலால் மூடினாள். பத்து வரை எண்ணினாள். எழுத்து அப்படியே இருந்தது. இருபது வரை எண்ணினாள். அப்போதும் இருந்தது.

"விரலை எடுங்க டீச்சரே, மத்ததையும் பாக்கண்டாமா?" என்றார் கிருஷ்ணன்குட்டி.

எடுத்ததும் 'டி' வந்துவிடுமோ என்று எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.