பாசேஜில் இல்லாதது

"அப்புறம்?" என்று கேட்டாள் மருந்துக்கடைக்காரி. அவள் தலை முழுக்கச் சாயம் அப்பியிருந்தது. கழுத்தைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் துணிக்குள்ளிருந்து ஒரு கையை நீட்டி, சொல்லு சொல்லு என்பதுபோல விரல்களை ஆட்டினாள். அப்புறம் ஒன்றும் இல்லை, இவ்வளவுதான் என்றேன். அவள் நம்பவில்லை. புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் தேனீக்களைப் பற்றி வேறு ஏதோ இருந்தது.

கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலப் பகுதிக்கான பயிற்சிப் புத்தகம் அது. ஒரு பாசேஜ், அதற்குக் கீழே ஐந்து கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள், சரியானதன் வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். என் பார்லரில் தலைக்குச் சாயம் பூசினால் அரைமணி நேரம் ஊறவிடுவேன். அந்த அரைமணி என்னுடையது. முதலில் மூலையில் நின்று மனதுக்குள்தான் படித்தேன். பிறகு நாக்குக்குப் பழக வேண்டுமே என்று முணுமுணுக்க ஆரம்பித்தேன். சாயத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வேறு என்ன வேலை இருக்கிறது? சத்தமாகத்தான் படியேன், எங்களுக்கும் சொல்லேன் என்றார்கள். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். தெரியாத சொல்லுக்கு நான் அகராதியைப் புரட்டும்போது, முடிவெட்டப் போட்ட கத்தரியைப் பாதியில் நிறுத்தியதுபோல எல்லாரும் ஆடாமல் அசையாமல் காத்திருந்தார்கள்.

அன்றைக்குப் பாசேஜில் வந்தது ஒரு பெண் டாக்டர். சின்னத் தீவு ஒன்றில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்புகிறாள். படகில் ஏறியாயிற்று. பாதிக் கடலில் திரும்பிப் பார்த்தால் கரையில் யாரோ வெள்ளைத் துணியை அசைக்கிறார்கள். வழியனுப்புகிறார்களா, கூப்பிடுகிறார்களா, தெரியவில்லை. வெயிலுக்குக் கண்ணின் மேல் கையை வைத்துக்கொண்டு பார்க்கிறாள். முற்றும்.

இது என்ன அநியாயம், ஒருத்தியை நடுக்கடலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த தையற்காரி. யாருக்கோ பிரசவ வலி வந்துவிட்டது, அதனால்தான் துணியை ஆட்டுகிறார்கள், டாக்டர் படகைத் திருப்பச் சொல்லிவிடுவாள் என்று அவளே முடித்தும் வைத்தாள். மருந்துக்கடைக்காரி ஒப்பவில்லை. ஊர்க்காரர்கள் நன்றியில்லாமல் நடந்திருப்பார்கள், இல்லாவிட்டால் அவள் ஏன் கிளம்புகிறாள், விட்டது சனியன் என்று போகட்டும் என்றாள். நான் மருந்துக்கடைக்காரியின் கட்சி. மூன்று பேரும் விடாமல் மல்லுக்கட்டியதில் சாயம் ஊற வேண்டியதற்கு மேல் ஊறிவிட்டது. கழுவிப் பார்த்தால் மருந்துக்கடைக்காரி கேட்ட பழுப்பு போய்க் காக்கைக் கறுப்பு வந்திருந்தது. கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். பரவாயில்லை, டாக்டர் தப்பித்தாளே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலேஜுக்குப் போய் என்ன கிழிக்கப் போகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றையும் கிழிக்கப் போவதில்லை, உட்காரப் போகிறேன் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திய நாளிலிருந்து நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். யாராவது உட்கார்ந்திருப்பார்கள், நான் அவர்கள் தலைக்குப் பின்னால் நிற்பேன். போன வருடம்தான் பிரைவேட்டாக எழுதிப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். எனக்கும் ஒரு பெஞ்சு வேண்டும். எனக்குத் தெரியாத ஒன்றை யாராவது போர்டில் எழுத, நான் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். அது சரித்திரமோ, பொருளாதாரமோ, எதுவானாலும் சரி. இந்த ஆசையை வெளியே சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

வெட்கம் என் மகளுக்குத்தான். நான் எழுதும் அதே வருடம் அதே தேர்வை அவளும் எழுதுகிறாள். ஊரில் நல்ல கோச்சிங் என்று இருப்பது ஒன்றே ஒன்று. ஆகவே அதே வகுப்பு. முதல் நாளே நிபந்தனைகளைச் சொல்லிவிட்டாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும், அவளைக் கூப்பிடக் கூடாது, தண்ணி குடிச்சியா என்று கேட்கவே கூடாது. அவள் வயதில் என் அம்மா தெருமுனையில் வந்து நின்றாலே எனக்கு மானம் போகும். அதனால் ஒப்புக்கொண்டேன். வகுப்பில் என்னை எல்லாரும் ஆன்ட்டி என்றார்கள். கொஞ்ச நாளில் என் மகளும் நாலு பேரோடு சேர்ந்து ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சாருக்கு ஒரு வழிமுறை உண்டு. பாசேஜைப் படிக்காதே, வேட்டையாடு என்பார். முதலில் கேள்விக்குப் போ. அதில் பெரிய சொல் எது என்று பார். அந்தச் சொல்லைப் பாசேஜில் கண்ணாலேயே துரத்திப் பிடி. அது இருக்கும் வரியை மட்டும் படி, கறுப்பாக்கு, அடுத்ததற்கு ஓடு. என் மகள் இந்த வேட்டையில் கெட்டிக்காரி. பென்சில் போகும் வேகத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும். எனக்கு மட்டும் அது வரவேயில்லை. யாரோ ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள் என்று ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டால், அவள் யார், எதற்கு வந்தாள் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் தாண்டிப் போக முடியாது. மற்றவர்கள் நாலாவது பாசேஜில் இருக்கும்போது நான் இரண்டாவதில் இருப்பேன்.

ஒரு பயிற்சித் தேர்வில் அந்த டாக்டர் வந்தாள். தெரியாத ஊரில் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. இவளை நமக்குத் தெரியாதா என்று நேராகக் கேள்விகளுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஒரு பாசேஜைப் படிக்காமல் விட்டேன். டாக்டர் தீவை விட்டுப் போகக் காரணம் என்ன? ஊர்க்காரர்களின் நன்றிகெட்டதனம், கறுப்பாக்கினேன். கடைசியில் அவள் மனநிலை என்ன? நிம்மதி. கறுப்பாக்கினேன். ஐந்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் முன்னால் பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஐந்தும் தப்பு. மறுநாள் சார் வகுப்பில் சொன்னார், டாக்டர் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டு போனதாக ஒருத்தர் கறுப்பாக்கியிருக்கிறார், அவருக்கு மட்டும் வேறு பாசேஜ் கிடைத்ததோ என்னவோ என்று. சொந்தச் சரக்கை இறக்காதீர்கள் என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, வகுப்பு முழுக்கச் சிரித்துக்கொண்டே பின்னால் திரும்பியது. என் மகள் மட்டும் திரும்பவில்லை. அவள் காது மடல் சிவந்திருந்தது எனக்குக் கடைசி பெஞ்சிலிருந்தே தெரிந்தது.

வகுப்பு முடிந்ததும் சார் என்னை நிறுத்தினார். மரியாதையாகத்தான் பேசினார். நல்லா வரக்கூடிய பிள்ளைகளை இனிமேல் தனிப் பிரிவாக முன் வரிசைகளில் உட்காரவைத்துத் தயார்ப்படுத்தப் போகிறாராம். அந்தப் பிரிவின் சராசரியை வைத்துத்தான் அடுத்த வருடம் பிள்ளைகள் சேருவார்களாம். நீங்கள் வீட்டிலேயே பயிற்சி செய்யலாமே மேடம், உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல் என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை, அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது.

பஸ்ஸில் என் மகள் வழக்கமாக முன்னால் போய் உட்காருவாள். அன்றைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நின்னுடேம்மா" என்றாள். "உன்னால முடியாதுன்னு நான் சொல்லல. எனக்குத்தான் முடியல."

சார் சொன்னதை நான் துடைத்துப் போட்டுவிட்டிருந்தேன். இது உள்ளே போய்த் தைத்தது. அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அலுத்துப்போய்க் கேட்டாள். அவளுக்காக எதையெல்லாமோ விட்டுக்கொடுத்திருக்கிறேன், அதையெல்லாம் கணக்குச் சொல்லிக் காட்டுகிற அம்மா நான் இல்லை. இதையும் விட்டுக்கொடுத்தால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே எனக்கு என் மேல் ஆத்திரம் வந்தது. ஏன் விட வேண்டும்? நான் யார் பெஞ்சைப் பிடுங்கினேன்?

"உனக்கு முடியலன்னா நீ முன்னாடி பார்த்து உட்காரு" என்றேன். "நான் வருவேன்."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சமாதானமாக ஏதாவது பேசலாமே என்று, அந்த டாக்டர் பாவம் இல்லையா, நடுக்கடலில் தவிக்கிறாளே என்று சொன்னேன். எந்த டாக்டர் என்று கேட்டாள். அந்த ஐந்து கேள்விக்கும் சரியான விடை எழுதியிருந்தவள் அவள். நான் வாயைப் பிளந்தேன். மார்க் வந்துச்சுல்ல என்று எரிந்து விழுந்தாள். வந்ததுதான். அதை எப்படி இல்லை என்பது?

அடுத்த வகுப்புக்குக் கடைசி பெஞ்சைத் தாண்டி நேராக நடந்து மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒரு பெண் பையை எடுத்து இடம் விட்டாள். சார் உள்ளே வந்து என்னைப் பார்த்ததும், மேடம், இது அந்தப் பிரிவு என்று இழுத்தார்.

"தெரியும் சார். உங்க சராசரியில என்னைச் சேர்க்காதீங்க. பெஞ்சுல மட்டும் சேர்த்துக்கோங்க."

அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தார். அன்றைக்கு என்ன எழுதினார் என்று பாதி எனக்குப் புரியவில்லை. ஆனாலும் மணி அடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

பார்லரிலும் ஒரு சட்டம் போட்டேன். பாசேஜ் எங்கே நிற்கிறதோ நாமும் அங்கேயே நிற்க வேண்டும். அதற்கு மேல் யாரும் ஒரு அடி போகக் கூடாது. தையற்காரிக்கு வந்ததே கோபம், முடிவு இல்லாத கதையைக் கேட்க எனக்கென்ன தலையெழுத்து என்று ஒரு வாரம் பேசவில்லை. எனக்கும் அது சுலபமாக இல்லை. தண்டவாளத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது, தூரத்தில் ரயில் சத்தம் கேட்கிறது, அதோடு பாசேஜ் முடிகிறது. அந்தக் குழந்தையை அப்படியே விட்டுவிட்டுப் பென்சிலைக் கையில் எடுக்கக் கல் மனசு வேண்டும். அப்படியும் கறுப்பாக்கினேன். மார்க் ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். சார் சொன்ன வேட்டைக்கு மட்டும் நான் கடைசிவரை போகவில்லை. ஒவ்வொரு வரியையும் படித்தேன்.

தேர்வு நாளன்று ஒரே பஸ்ஸில் போனோம், தனித்தனியாக உட்கார்ந்து. வாசலில் காவலாளி என் மகளை உள்ளே விட்டுவிட்டு என் முன்னால் கையை நீட்டினார். பேரண்ட்ஸ் எல்லாம் வெளியே நிற்க வேண்டும் என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் போட்டோவைப் பார்த்தார். இது யாருக்கு என்று கேட்டார். இன்னொரு காவலாளியையும் கூப்பிட்டார். எனக்குப் பின்னால் பிள்ளைகள் நெருக்கினார்கள், வெளியே நின்ற அப்பா அம்மாக்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எழுதப் போறது நான்தான். வழிய விடுங்க" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

என் மகள் உள்ளே பத்தடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். காவலாளிகள் இரண்டு பேரும் கலந்து பேசி என்னை விடும்வரை அந்த வார் மாட்டவேயில்லை. நான் உள்ளே வந்ததும் மாட்டிவிட்டது. என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் விறுவிறுவென்று நடந்து போனாள்.

சேர்ந்து விண்ணப்பித்ததால் அடுத்தடுத்த எண்கள். அவள் எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆங்கிலப் பகுதி கடைசியில் வந்தது. அவள் பென்சில் ஓடியது. நான் முதல் வரியிலிருந்து தொடங்கினேன். கண்காணிப்பாளர் வந்து என் மேசையைத் தட்டி, உதட்டை அசைக்காதீர்கள் என்றார். ஒரு கையால் வாயை மூடிக்கொண்டேன். கைக்குப் பின்னால் உதடு அதன் வேலையைப் பார்த்தது. முடித்தவர்கள் போகலாம் என்று முதல் மணி அடித்தது. என் மகள் எழுந்து தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, எனக்கு இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது. வெளியே போய்விட்டாள்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கண்காணிப்பாளர் மறுபடியும் வந்து, முடித்திருந்தால் கொடுத்துவிடலாமே மேடம் என்றார். கடைசி மணி இன்னும் அடிக்கவில்லையே சார் என்றேன். அவர் போய் மற்ற தாள்களை அடுக்க ஆரம்பித்தார். மதியத் தேர்வுக்கு அடுத்த கூட்டம் வர வேண்டும் போல, அதற்குள் ஒரு பெண் துடைப்பத்தோடு வந்து காலி வரிசைகளைப் பெருக்கத் தொடங்கினாள். வராந்தா ஜன்னலுக்கு வெளியே என் மகள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வா போகலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். கையை உருவிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

கடைசி பாசேஜில் பழைய பாலம் ஒன்றை இடிக்க வந்த எஞ்சினியர் பாலத்தின் நடுவில் நின்று, கீழே எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்பச் சத்தம் என் வரிசைக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் என் மேசைக்குப் பக்கத்தில் தயங்கி நின்றாள். நான் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டேன். துடைப்பம் பெஞ்சுக்கு அடியில் போய், தூசியையும் பென்சில் சீவலையும் இழுத்துக்கொண்டு திரும்பிப் போனது. காலைக் கீழே இறக்காமலே அடுத்த வரிக்குப் போனேன்.