கேலனுக்குப் பதின்மூன்று மைல்

கய்மன் ஊரைத் தாண்டியதும் என் புருஷன் வெர்லன் வண்டியின் ஏ.சி.யை அணைத்தான். நான் கண்ணாடியை இறக்கினேன். அவன் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தி அதை மறுபடி ஏற்றினான்.

"காத்து உள்ள பூந்தா வண்டிய இழுக்கும்" என்றான்.

"ஏ.சி. போட்டா?"

"டீசல் குடிக்கும்."

"நான் மூச்சு விட்டுக்கலாமா? இல்ல அதுக்கும் மைல் கொறையுமா?"

 அவன் பார்வையில் பாதி சாலைக்கு, மீதி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மினுங்கிய சின்னத் திரைக்கு. கேலனுக்குப் பன்னிரண்டு புள்ளி எட்டு மைல். காய்ச்சல் கண்ட பிள்ளையின் தெர்மாமீட்டரைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஜூலை வெயில். எதிர்க்காற்று எங்கள் பிக்கப் இழுத்துவந்த டிரெய்லரின் நெற்றியில் அறைந்துகொண்டிருந்தது. உள்ளே என் பெண்குதிரை பிஸ்கட் காலை மாற்றி மாற்றி ஊன்றும் சத்தம் இருக்கை வரை வந்தது. க்ளேட்டனில் இன்று மாலை பீப்பாய் ஓட்டம், மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் பந்தயம். என்னோடு போட்டியிடப்போகிற பெண்கள் ஒவ்வொருத்தியாக எங்களை முந்திப்போனார்கள். போகிறபோது கையை வேறு ஆட்டினார்கள். சவ ஊர்வலத்துக்கு வழிவிடுகிற மரியாதையோடு ஆட்டியதாக எனக்குப் பட்டது.

பேரத்தை ஆரம்பித்தவள் நான்தான். அப்பா கால்நடை ஏலக் கொட்டகையில் பழைய சேணம் விற்றவர். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் பதிலுக்கு எதையாவது நகர்த்திக் கொடுக்க வேண்டும், அப்படி வளர்ந்தவள். வசந்தத்தில் வெர்லன் சலித்துக்கொண்டான். டிரெய்லரை மாட்டினால் பிக்கப் கேலனுக்குப் பத்து மைல்கூடக் கொடுப்பதில்லை, போதும் இந்தப் பீப்பாய் சுற்றுவது என்றான். பதின்மூன்று வந்தால் என்ன தருவாய் என்று கேட்டேன். வந்தால் இந்தக் கோடை முழுக்க நான் சொல்லும் ஊருக்கெல்லாம் ஓட்டுவான். வராவிட்டால் க்ளேட்டனோடு சரி, பிஸ்கட்டை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட வேண்டியதுதான். க்ளேட்டனில் என் ஓட்டம் முடிந்ததும் திரையில் நிற்கும் எண்தான் தீர்ப்பு. கை குலுக்கிக்கொண்டோம்.

அவன் வேண்டுமென்றே தோற்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ டயருக்கெல்லாம் காற்றை இறுக்கினான், வடிகட்டியை மாற்றினான், டிரெய்லர் கூரையிலிருந்த வைக்கோல் கட்டுகளை இறக்கினான், கருவிப் பெட்டியையும் என் இரண்டாவது சேணத்தையும் வீட்டிலேயே விட்டான். அவனுடைய ரூட் பீர் சோடா இருக்கும் ஐஸ் பெட்டி மட்டும் பின்னிருக்கையில் மகாராஜாவாக வந்தது. அதன் எடை கணக்கில் வராதாம்.

க்ளேட்டன் மைதானத்துக்குள் நுழையும்போது திரை பதின்மூன்றைக் காட்டியது. வெர்லன் உடனே இன்ஜினை அணைத்தான்; நின்ற இடத்தில் ஓடினால் மைல் ஏறாமல் டீசல் மட்டும் போகும், எண் இறங்கிவிடும். அணைத்தபிறகும் சாவியின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"என்னடி ட்ரீவா, குதிரைய வண்டில ஏத்தி நீங்க நடந்து வந்தீங்களா?" என்றாள் பக்கத்து டிரெய்லர் ஓபல்.

பிஸ்கட்டை இறக்கினேன். விலாவெல்லாம் வியர்வை காய்ந்து உப்பாகப் பூத்திருந்தது. மைதானத்துக் குழாயில் வாளியை நிரப்பி வைத்தேன். முகர்ந்தாள், மேலுதட்டைச் சுருட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓபல் தன் தொட்டித் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தாள். அதற்கும் அதே மரியாதை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறெதையும் பிஸ்கட் தொடமாட்டாள். அதற்காகத்தான் டிரெய்லரில் தொட்டியே. அதன் குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று வந்தது.

"வெர்லன்."

"வீட்லயே காலி பண்ணிட்டேன்" என்றான். "இருநூத்தம்பது பவுண்டு தண்ணி. தண்ணி இல்லாத ஊருக்கா போறோம்?"

"குதிர வச்சிருக்கறவன் பேசற பேச்சாய்யா இது!" என்றேன்.

"பின்ன அந்தக் கடைசி அர மைல் எங்கருந்து வந்துச்சுன்னு நெனச்ச? உனக்காகத்தான் தொறந்து விட்டேன்."

எனக்காக.  அவன் கோதுமை அறுப்பு இயந்திரம் ஓட்டுகிறவன். குதிரை அவனுக்கு டிரெய்லரில் ஏறும் எடை. பிஸ்கட்டின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு உடனே இறங்கவில்லை; உடம்பில் நீர் வற்றியிருந்தது. இந்த நிலையில் ஓட்டினால் குடல் கட்டிக்கொள்ளும். ஓட்டாவிட்டாலும் தண்ணீர் உள்ளே போயாக வேண்டும். ஒலிபெருக்கி பீப்பாய்ப் பெண்களைத் தயாராகச் சொன்னது. அவள் குளம்பால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தாள். நானும் தண்ணீரைக் கொட்டிவிட்ட வாளியைத் தூக்குவதும் வைப்பதுமாக நின்றேன்.

வெர்லன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அப்புறம் திடீரெனப் பின்கதவைத் திறந்து ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தான். ரூட் பீர் டப்பாக்கள் புழுதியில் உருண்டன. பிளாஸ்டிக் பால் கேன்களில் உறையவைத்த இரண்டு ஐஸ் பாளங்கள் கல்லாக விழுந்தன.

"நம்ம சமையக்கட்டுக் கொழாயில புடிச்சது" என்றான். "கெணத்துத் தண்ணி."

"உருகவே ராத்திரி ஆயிடும்."

அவன் கேன்களை அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். முன்கண்ணாடியின் கீழே சூடான காற்று வரும் இடத்தில் இரண்டையும் நிறுத்தினான். இன்ஜினைப் போட்டு, ஹீட்டரைக் கடைசி வரை திருப்பி, கண்ணாடிகளை இறுக ஏற்றிக்கொண்டான்.

"ஏய், வேணாம்ப்பா, மைலு…" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனுக்குக் கேட்டிருக்காது.

"உன் புருஷனுக்குப் பித்து புடிச்சிருச்சா?" என்றாள் ஓபல்.

வெர்லனின் முகம் சிவந்து சட்டை உடம்போடு ஒட்டியது. ஒவ்வொரு கேனாக எடுத்துக் குலுக்கினான். கொஞ்சம் சேர்ந்ததும் கதவை விரலளவு திறந்து நீட்டினான். வாங்கும்போது திரை கண்ணில் பட்டது. பன்னிரண்டு புள்ளி ஒன்பது. நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான். தொப்பியை எடுத்து அந்தத் திரையின் மேல் மாட்டிவிட்டு, அடுத்த கேனைக் குலுக்க ஆரம்பித்தான்.

தண்ணீரை வாளியில் ஊற்றினேன். அடி மறையும் அளவுதான். பிஸ்கட் மூக்கை இறக்கினாள். அவள் மூச்சில் தண்ணீர் நெளிந்தது. ஒலிபெருக்கி ஒரு பெயரைக் கூப்பிட்டது, என் பெயரில்லை. இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. குதிரை விழுங்கினால் காது பின்னால் ஒருமுறை அசையும். அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் அவனும்.